வாசகர் கேள்வி: பிரெஞ்சுத் தலையும் லத்தீன் ஓடும்

கேள்வி: என் மகள் கல்லூரியில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிறாள். தலைக்கு பிரெஞ்சில் 'தெத்' என்று பெயராம். அது லத்தீனில் பானையைக் குறித்த சொல் என்று வகுப்பில் சொன்னார்களாம். நம்பலாமா ஐயா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தாராளமாக நம்பலாம் அம்மா. பழைய பிரெஞ்சில் அது 'தெஸ்தெ'. நடுவில் இருந்த ஸகரம் பேச்சில் தேய்ந்து மறைந்த பிறகும் எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1740-இல் பிரெஞ்சு அகாதமி தன் அகராதியில் அதை நீக்கி, எகரத்தின் மேல் கூரை போல ஒரு குறி போட்டது. மகளின் நோட்டில் பாருங்கள், இருக்கும்.

'தெஸ்தெ'வுக்கு மூலம் லத்தீன் 'தெஸ்தா'. சுட்ட மண் பானை, செங்கல், கூரை ஓடு, உடைந்த சில்லு, நத்தை ஓடு எல்லாமே தெஸ்தாதான். பானை என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நம் 'ஓடு'தான் அதற்குச் சரியான ஈடு. மண்டையோடு என்கிறோமே!

கேலிப்பேச்சில் பிறந்த வழக்கு இது என்று சொல்வாருண்டு. எனக்கு ஒப்பவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் பொர்தோ ஊர்க் கவிஞர் அவுசோனியுஸ், முச்சந்தியில் புதைக்காமல் கிடந்த ஒரு மண்டையோட்டை 'தெஸ்தா' என்றே பாடுகிறார். மற்றவர்கள் கண்ணீர் விட, ஒருவன் மட்டும் அதைக் கல்லால் அடிக்கிறான். கல் எலும்பில் பட்டுத் திரும்பி அவன் நெற்றியையே தாக்குகிறது. இதில் கேலி எங்கே இருக்கிறது? எலும்பைக் குறித்த சொல் மெல்ல முழுத் தலைக்கும் ஆகிவிட்டது. தலைக்கு லத்தீனில் முன்பு வழங்கிய 'காபுத்' என்ற சொல், பிரெஞ்சில் 'ஷெஃப்' ஆகித் தலைவன் என்ற பொருளுக்குப் போய்விட்டது. ஓட்டலில் தலைமைச் சமையல்காரரை ஷெஃப் என்பது அந்த வழியில் வந்ததுதான்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நம் தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூறு 235-ஆம் பாட்டில் 'அருந்தலை இரும்பாணர் அகன்மண்டைத் துளையுரீஇ' என்று ஓர் அடி. தருமபுரியில் நான் தமிழ் நடத்திய காலத்தில், பிள்ளைகள் இதிலுள்ள 'மண்டை'யைத் தலை என்றே எடுத்துக்கொள்வார்கள். அதியமான் மார்பில் தைத்த வேல் துளைத்தது பாணர்களின் தலையை அல்ல, அவர்கள் சோறு வாங்கி உண்ணும் அகன்ற கலத்தை. அங்கிருந்து இரப்போர் கை வழியே போய், கடைசியில் புலவர் நாவில் விழுகிறது அந்த வேல். வெயிலில் 'மண்டை காயுது' என்கிறோமே, அதே மண்டைதான் அந்தக் கலம்.

தமிழுக்கும் லத்தீனுக்கும் இதில் ஒட்டுறவு எதுவும் இல்லை. இரண்டும் தனித்தனியே கலத்திலிருந்து தலைக்கு வந்தவை. அதையும் சேர்த்தே மகள் வகுப்பில் சொல்லட்டும்.