ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீளமான ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று குழம்புவதாகக் கேட்டிருந்தீர்கள். முதலில் வினைச்சொல்லைப் பிடியுங்கள். காலத்தை மாற்றினால் உருமாறும் சொல் அதுதான். அப்புறம் அதனிடம் 'யார், எது?' என்று கேளுங்கள்.

'தி பாக்ஸ் ஆஃப் புக்ஸ் இஸ் ஹெவி' என்பதில் பலரும் சறுக்குவார்கள். 'இஸ்' பக்கத்திலேயே புக்ஸ் நிற்பதால் அதுதான் எழுவாய் என்று தோன்றும். 'ஆஃப் புக்ஸ்' துண்டை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். கனமாக இருப்பது பாக்ஸ். அது ஒருமை; அதனால்தான் பன்மைக்கு வரும் 'ஆர்' வரவில்லை.

சரி, 'ஹெவி' செயப்படுபொருளா? இல்லை, எழுவாயின் தன்மையைச் சொல்லும் நிரப்பி. 'ஷி ஓபன்ட் தி பாக்ஸ்' என்றால் 'எதைத் திறந்தாள்?' என்று கேட்கலாம்; அங்கே பாக்ஸ் செயப்படுபொருள். தமிழில் 'ஐ' உருபு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம்தான் அடையாளம்.