முழங்கால் வலியுள்ள அப்பாவோடு ஹெல்வெலின் வேண்டாம்

வணக்கம். அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் இருக்கும் கெசிக் ஊரில் தங்கி, முழங்கால் வலியுள்ள அப்பாவையும் 10 வயது மகளையும் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற முகடு வழியாக ஹெல்வெலின் மலைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 950 மீட்டர் உயரம்கூடப் பெரிதில்லை. அந்த முகடு இருபுறமும் சரியும் குறுகலான பாறை, பல இடங்களில் கையூன்றித்தான் கடக்க வேண்டும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஆபத்து.

அப்பாவுக்கு லாட்ரிக் குன்று (368 மீட்டர்) சரியாக இருக்கும். மலைக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்தத்திலிருந்து போனால் ஏற்றம் குறைவு; மேலே டெர்வென்ட்வாட்டர் ஏரி அருமையாகத் தெரியும். மகளோடு நீங்கள் கேட்பெல்ஸ் (451 மீட்டர்) ஏறலாம். கெசிக்கிலிருந்து படகில் ஹாஸ் எண்ட் படகுத்துறை வரை போங்கள். உச்சிக்கு அருகே கொஞ்சம் பாறை பிடித்து ஏற வேண்டும், காய்ந்த நாளாகப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைத்த பிறகு 5 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.