வாசகர் கேள்வி - பதில்: படகு டிரெய்லரைப் பாதுகாப்பாக இழுப்பது எப்படி?

கேள்வி: என்னிடம் 18 அடி நீளமுள்ள பைபர் படகு இருக்கிறது. அதைப் பழவேற்காட்டுக்கு எடுத்துச் செல்வதற்காக, பட்டறையில் ஒற்றை ஆக்சில் டிரெய்லர் செய்து என் பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டியிருக்கிறேன். மீஞ்சூர் சாலையில் வேகம் 50 கிலோமீட்டரைத் தொட்டதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. கன்டெய்னர் லாரி முந்திச் சென்றால் ஆட்டம் இன்னும் அதிகமாகிறது. டயர்கள் புதியவை. காரணம் என்ன? - வாசகர், எண்ணூர்.

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், டிரெய்லரின் சுமை ஆக்சிலுக்குப் பின்பக்கம் அதிகமாக இருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். படகில் கனமான பொருளான அவுட்போர்டு மோட்டார் பின்முனையில் தொங்குகிறது. பெட்ரோல் டேங்கும் பெரும்பாலும் அதன் அருகிலேயே இருக்கிறது. பட்டறையில் ஆக்சிலை டிரெய்லரின் நடுப்பகுதியில் பற்றவைத்துவிட்டால், படகு ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து, கொக்கி இருக்கும் முன்முனை மேலே தூக்கப்படும். அப்படி ஆகிவிட்ட டிரெய்லரை ஒரு லாரியின் காற்று பக்கவாட்டில் தள்ளினால், அது தானாக நேராகாமல் ஒவ்வொரு ஆட்டத்திலும் இன்னும் கூடுதலாக விலகிச் செல்லும்.

ஆகவே கொக்கியின் மீது எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதை அளந்து பாருங்கள். படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை கொக்கியில் இருப்பது நல்லது. உங்கள் படகு 350 கிலோ, மோட்டார் 40 கிலோ, 25 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 19 கிலோ, வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 60 கிலோ, டிரெய்லர் 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் சுமார் 720 கிலோ. அப்படியானால் கொக்கியில் 50 முதல் 72 கிலோ வரை இருக்க வேண்டும். மொத்த எடையை அறிய மணலி பக்கத்தில் உள்ள ஏதாவது ஓர் எடை மேடையில் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் லாரிகளுக்கான எடை மேடை 5 அல்லது 10 கிலோ படிகளாகத்தான் காட்டும் என்பதால், கொக்கியின் எடைக்கு அதை நம்ப வேண்டாம். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினின் மேல் ஒரு மரத்துண்டை நிற்கவைத்து, வண்டியில் பூட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் டிரெய்லரின் முன்முனையை அதன் மீது இறக்குங்கள். அந்த மெஷின் காட்டும் எண்தான் உங்களுக்கு வேண்டியது.

எடை குறைவாக இருந்தால், ஐஸ் பெட்டியையும் நங்கூரத்தையும் படகின் முன்முனையான அணியத்துக்கு அருகே மாற்றிப் பாருங்கள். அது போதவில்லை என்றால் ஆக்சிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். கொக்கியிலிருந்து ஆக்சில் வரை 4 மீட்டர் இருக்கும் டிரெய்லரில் ஆக்சிலை 10 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், இந்த எடைக்குக் கொக்கியில் 15 முதல் 18 கிலோ வரை கூடும். படகையே முன்னுக்கு இழுத்துவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மோட்டார் மாட்டிய பின்பலகைக்கு நேர் கீழே தாங்குகட்டை இல்லாமல் போனால், பள்ளம் மேடுகளில் குலுங்கும்போது படகின் அடிப்பகுதி நாளடைவில் வளைந்துவிடும். ஆகவே ஆக்சிலை நகர்த்துவதே சரியான வழி. அதற்காகவே, ஆக்சிலைப் பற்றவைக்காமல் யூ-போல்ட் போட்டு மாட்டச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மாறாக, கொக்கியில் அளவுக்கு மிஞ்சிய எடையை ஏற்றினால் வண்டியின் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பிடிப்பை இழக்கும். அதையும் தவிர்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். படகுக்குள் 100 லிட்டர் மழைநீர் தேங்கியிருந்தால் அது 100 கிலோ. அது முழுவதும் பின்பக்கமாகத்தான் ஓடி நிற்கும். சாலையில் செல்லும்போது அடியிலுள்ள வடிகால் மூடியைத் திறந்தே வைத்து, தண்ணீரில் இறக்குவதற்கு முன் மறக்காமல் மூடுங்கள்.

ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் திருப்பவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்குள் என் படகு டிரெய்லரில் இரண்டு முறை பேரிங் போய்விட்டது. நல்ல கிரீஸ்தான் வைக்கிறேன். - வாசகர், காசிமேடு.

பதில்: கிரீஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப்புக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் பயனில்லை. சாலையில் ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அதற்குள் இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். வந்த வேகத்திலேயே தண்ணீரில் இறக்கினால் ஹப் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, ஹப்பை அடைத்திருக்கும் சீலின் இடுக்கு வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடியைக் கழற்றும்போது கிரீஸ் பால் கலந்தது போல வெளுத்திருந்தால், உங்களுக்கு நேர்ந்தது இதுதான். பழவேற்காடு சாலையில் ஒருநாள் என் டிரெய்லரின் சக்கரம் ஹப்போடு கழன்று வயலுக்குள் ஓடியதைப் பார்த்த பிறகு, நான் இந்த விஷயத்தில் அவசரப்படுவதே இல்லை. கரையில் அரை மணி நேரம் நிறுத்தி, கையால் தொட்டு, சூடு அடங்கிய பிறகுதான் இறக்குகிறேன்.

இன்னும் சிறந்த வழி, ஹப்பை நனைக்காமலே படகை இறக்குவது. அடிக்கட்டையைத் தாங்கும் ரப்பர் உருளைகளையும் முன்னால் ஒரு கை வின்ச்சையும் பொருத்திக்கொண்டால், 400 கிலோ வரையுள்ள படகை டயரின் அடிப்பாகம் மட்டும் நனையும் ஆழத்திலேயே உருட்டி இறக்கவும் ஏற்றவும் முடியும். நனைந்துவிட்டால், வீடு திரும்பிய அன்றே ஹப், ஸ்பிரிங், யூ-போல்ட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பேரிங் மாற்றும்போது சீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய சீலோடு புதிய பேரிங் போடுவது காசைக் கடலில் போடுவதுதான். நட்டைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, புதிய ஸ்பிளிட் பின் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: படகு டிரெய்லருக்குப் பதிவு எண் தேவையா? - வாசகர், திருவொற்றியூர்.

பதில்: தேவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கத்திலேயே டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். ஆகவே இரும்பு வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது டிரெய்லர் எதிர்ப்பக்கமே திரும்புகிறது. - வாசகர், ராயபுரம்.

பதில்: ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் கையை வையுங்கள். டிரெய்லர் இடப்பக்கம் செல்ல வேண்டுமானால் கையை இடப்பக்கமும், வலப்பக்கம் செல்ல வேண்டுமானால் வலப்பக்கமும் நகர்த்துங்கள். கொஞ்சமாகத் திருப்பி, மெதுவாக நகர்த்தி, கோணம் மிகுந்துவிட்டால் முன்னே சென்று நேராக்கிக்கொண்டு மறுபடியும் தொடங்குங்கள். சரிவில் இறங்குவதற்கு முன் விளக்கு ஒயரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சூடான பல்பு தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். படகின் முன்பக்கச் சங்கிலியை மட்டும், பின்முனை தண்ணீருக்குள் போகும்வரை கழற்றாதீர்கள். பாசி படிந்த சரிவில் படகு உருளையிலிருந்து நழுவிக் காங்கிரீட்டில் விழுந்தால், பைபர் பிளந்துவிடும்.