டிராகன் ஆடத் துணிந்தவருக்கு

பாளையங்கோட்டையிலிருந்து செஸ் ஆடும் ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "வெள்ளையின் இ4-க்கு இ5 ஆடினால் பெரும்பாலும் டிராவில் முடிகிறது என்று சிசிலியன் டிராகனுக்கு (சி5-ல் தொடங்கி, பிஷப்பை ஜி7-ல் வைக்கும் கறுப்பின் திறப்பு) மாறினேன். ஐந்து ஆட்டங்களில் நான்கில் ஹெச் ஃபைலில் (ஹெச் எழுத்துக்குரிய நெடுவரிசையில்) மேட் வாங்கிவிட்டேன். இதை விட்டுவிடலாமா?"

விட வேண்டியதில்லை. ஆனால் நான்கு தோல்விகளும் ஒரே இடத்தில் நேர்ந்திருப்பதைப் பார்த்தால், ராஜாவைக் காப்பதிலேயே உங்கள் நகர்வுகள் தீர்ந்துபோகின்றன என்று ஊகிக்கிறேன். வெள்ளை பிஷப்பை இ3-லும் ராணியை டி2-லும் வைத்து, எஃப்3 ஆடி, நீளப் பக்கம் (ராணி இருக்கும் பக்கம்) காசிலிங் செய்துவிட்டால், இரு தரப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் பாய்கின்றன. அங்கே வெறுமனே தற்காக்கும் ஒவ்வொரு நகர்வும் எதிராளிக்குத் தரும் இலவச நகர்வு.

தற்காப்பில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். வெள்ளை ஹெச்4 ஆடியதும் நீங்கள் ஹெச்5 ஆடுவது, நெல்லையப்பர் தேருக்குச் சறுக்குக்கட்டை போடுவது போன்றது: தேர் நின்றுவிடாது, வேகம் குறையும், அந்த அவகாசம் உங்களுக்குப் போதும்.

மற்றதெல்லாம் சி ஃபைலில் இருக்கிறது. உங்கள் ரூக் சி8-ல் நிற்க, வெள்ளை பிஷப்பை ஹெச்6-க்குக் கொண்டுவந்து ஜி7 பிஷப்பை மாற்றப் பார்க்கும். நீங்கள் அந்த பிஷப்பை வெட்டினால் வெள்ளை ராணி ஹெச்6-க்கு வந்து வெட்டும். அந்தக் கணத்தில் சி3 குதிரைக்கு ராணியின் காவல் போய்விடுகிறது. ரூக்கால் அந்தக் குதிரையை வெட்டிவிடுங்கள். பி2 சிப்பாய் திருப்பி வெட்டியதும் ராணியை ஏ5-க்கு நகர்த்தினால், சிதைந்த சிப்பாய்களுக்குப் பின்னால் வெள்ளை ராஜா நிற்கும். குதிரைக்கு ரூக்கைக் கொடுக்கக் கை தயங்கும்தான். தயங்குகிறவர்களுக்கு இந்தத் திறப்பு ஒத்துவராது என்பது என் கருத்து. 1995-ல் நியூயார்க்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 11ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் டிராகனைக் கையில் எடுத்து ஆனந்தையே வென்றார், 13ஆவதிலும் அதைக் கொண்டே வென்றார் என்பதால் இதைப் பழைய சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது.

ஒரு பொறியை மறக்காதீர்கள். ஆறாவது நகர்வில் வெள்ளை பிஷப் இ3-க்கு வந்தவுடன், அதை விரட்டலாம் என்று குதிரையை ஜி4-க்கு விட்டால், பிஷப் பி5-ல் செக் கொடுக்கும்; நீங்கள் டி7-ல் பிஷப்பை வைத்து மறைத்தால் அது ராஜாவை மறைத்தபடி கட்டுண்டு கிடக்கும் (பின்), ராணி வந்து ஜி4 குதிரையை இலவசமாக வெட்டும். நம் பக்கத்துப் போட்டிகளில் இதில் விழுந்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நண்பர் ஒருவரிடம் வெள்ளையைக் கொடுத்து, சி3-ல் ரூக்கைக் கொடுத்த நிலையிலிருந்தே பத்துப் பதினைந்து ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். அடுத்த போட்டிக்கு ஒரு மாதம்கூட இல்லையென்றால், அதுவரை இ5-ஐயே ஆடுங்கள்.