சீட்டு கிடைச்சாச்சு, இனிமேதான் கேட்க வேண்டியது இருக்கு

(கேள்வி பதில் பகுதி)

காலேஜ் அட்மிஷன் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். மாற்றுத்திறனாளி பிள்ளைங்களும் அவங்க அப்பா அம்மாவும் நிறைய பேர் எழுதியிருக்கீங்க, அதனால இந்த வாட்டி மொத்தப் பக்கமும் அவங்களுக்குத்தான். யார் பேரும் போடலை.

கேள்வி: மேடம், அரூர் பக்கம் கிராமம் எங்களுக்கு. பொண்ணுக்கு பொறந்ததுல இருந்தே ரெண்டு கண்ணும் தெரியாது. ஸ்பெஷல் ஸ்கூல் ஹாஸ்டல்ல தங்கி பிளஸ் டூ முடிச்சுட்டா, நல்ல மார்க்கு. பி.ஏ. இங்கிலீஷ்தான் படிப்பேங்குறா. சொந்தக்காரங்க எல்லாம் பொட்டப்புள்ளைய, அதுவும் கண்ணு தெரியாதவளை, வெளிய அனுப்பி என்ன பண்ணப்போறீங்கன்னு கேக்குறாங்க. காலேஜ்ல இவளப் பாத்துப்பாங்களா?

பதில்: பாத்துப்பாங்களான்னு தயங்கி தயங்கி கேக்க வேண்டாம்மா. அங்க இவளுக்கு சட்டப்படி இடம் இருக்கு. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு காலேஜும் அரசு உதவி வாங்குற காலேஜும் 5 சதவீதத்துக்குக் குறையாம சீட்டு ஒதுக்கணும்னு சொல்லுது, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் பாதிப்பு இருக்கிற பிள்ளைங்களுக்கு. முன்னாடி இருந்த 1995 சட்டத்துல அது 3 சதவீதம்தான். நம்ம ஊர் அரசு கலைக்கல்லூரிகள்ல பொது கவுன்சிலிங் தொடங்குறதுக்கு முன்னாடியே ஸ்பெஷல் கேட்டகரி கவுன்சிலிங் நடக்கும், அந்தத் தேதியை விட்டுறாதீங்க, ஆன்லைன்ல அப்ளிகேஷன் போடும்போதே அந்தக் கட்டத்துல டிக் பண்ணணும். யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) இருக்கா பாருங்க, இல்லைன்னா இப்பவே அப்ளை பண்ணுங்க, ரிசல்ட் வந்தப்புறம் ஓடுனா நேரம் பத்தாது.

பாடம் அவ கேட்டதையே எடுக்கட்டும். கண்ணு தெரியாத பிள்ளைன்னா தமிழோ ஹிஸ்டரியோ போதும்னு பெரியவங்களே முடிவு பண்ற பழக்கம் ரொம்ப வருஷமா இருக்கு, அது எனக்கு சுத்தமா பிடிக்காது.

இப்போ படிக்கிற விஷயத்துக்கு வரேன், இதுலதான் பிள்ளைங்க சிக்கிக்குறாங்க. ஆண்ட்ராய்டு போன்லயே டாக்பேக் இருக்கு, திரையில இருக்கிறதைப் படிச்சு சொல்லும். லேப்டாப்புல அதே வேலைக்கு என்விடிஏ-ன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் சாஃப்ட்வேர், காசே கிடையாது, 2006-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே-ன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது, ரெண்டு பேருக்குமே பார்வை கிடையாது. இங்கிலீஷ் புக் எல்லாம் இதுல ஓரளவு தடையில்லாம போயிரும். சிக்கல் வர்றது தமிழ் பேப்பர்லதான், பி.ஏ. இங்கிலீஷ் எடுத்தாலும் முதல் ரெண்டு வருஷம் பகுதி ஒண்ணுல தமிழ் இருக்குமே. நம்ம ஊர்ல நோட்ஸ் டைப் பண்றவங்க இன்னமும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்லதான் அடிக்கிறாங்க. பாக்குற கண்ணுக்கு அது அழகான தமிழ், ஆனா ஃபைலுக்கு உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், ‘தமிழ்’னு திரையில தெரியிற இடத்துல ஸ்கிரீன் ரீடர் ‘ஜே கே பி ஓ செமிகோலன்’னு வாசிக்கும். ஒரு முழு பாடத்தை இப்படி கேட்டா எப்படிம்மா இருக்கும்? 2010-ல கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துலயே தமிழ்நாடு அரசு யூனிகோடை, அதாவது எந்தக் கம்ப்யூட்டரும் தமிழைத் தமிழாவே படிக்கிற பொது எழுத்துமுறையை, ஏத்துக்கிச்சு, அப்புறமும் பல டிபார்ட்மெண்ட்ல பழைய ஃபைலையேதான் வருஷா வருஷம் பிரிண்ட் எடுக்குறாங்க. அதனால காலேஜ் சேந்த முதல் வாரமே தமிழ்த் துறையில போய், நோட்ஸை யூனிகோட்ல குடுங்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. பழைய ஃபைல் மட்டும்தான் இருக்குன்னா என்எச்எம் கன்வெர்ட்டர்ல போட்டு மாத்திக்கலாம். வெறும் ஸ்கேன் காப்பியா இருந்தா கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸ்ல திறந்தா எழுத்தா மாத்திக் குடுக்கும், தமிழுக்கு நல்லாவே வேலை செய்யுது, அங்கங்க ஒரு எழுத்து தப்பும் அவ்ளோதான். சுகம்ய புஸ்தகாலயான்னு பார்வையில்லாதவங்க படிக்கிற வடிவத்துல புத்தகம் தர்ற ஒரு ஆன்லைன் லைப்ரரி 2016-ல இருந்து இருக்கு, அதுலயும் மெம்பர் ஆகச் சொல்லுங்க.

பணத்துக்கு, கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும், கல்வி உதவித்தொகையோட பார்வையில்லாத பிள்ளைங்களுக்குன்னு வாசிப்பாளர் உதவித்தொகையும் தனியா இருக்கு, ரெண்டையும் கேளுங்க. இன்னொண்ணு, கிளாஸ் தொடங்குறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி வெள்ளைக் குச்சியோட அவளைக் கூட்டிட்டுப் போய் கேட்ல இருந்து கிளாஸ், கிளாஸ்ல இருந்து பாத்ரூம், கேன்டீன், லைப்ரரி எல்லாம் நடக்கவிட்டுப் பழக்குங்க. காலியா இருக்கும்போது பழகிட்டா கூட்டத்துல பயமிருக்காது. சொந்தக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கேக்காம கேட்டிருக்கீங்க. அவ ஹாஸ்டல்ல தனியா இருந்து பிளஸ் டூ முடிச்சவ, அதையே சொல்லுங்க.

கேள்வி: வணக்கம் மேடம். பி.காம் செகண்ட் இயர். ஹியரிங் எய்டு போட்டிருக்கேன், கொஞ்சம்தான் கேக்கும், வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். சார் போர்டு பக்கம் திரும்பிக்கிட்டே நடத்துறார். சொல்ல கூச்சமா இருக்கு.

பதில்: நேர்ல சொல்ல கூச்சமா இருந்தா ஒரு தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க தம்பி. ‘சார், நான் உதட்டைப் பாத்துப் படிக்கிறவன், நீங்க எங்களைப் பாத்துப் பேசுனா எனக்குப் புரியும், போர்டுல எழுதும்போது பேச்சை நிறுத்திட்டு எழுதுனா போதும்’னு. பெரும்பாலான வாத்தியாருங்களுக்கு இது நிஜமாவே தோணியிருக்காது. முதல் பெஞ்சுல, வெளிச்சம் சார் முகத்துல விழுற மாதிரி இடம் புடிங்க, ஜன்னலுக்கு முன்னாடி அவர் நின்னா முகம் இருட்டா தெரியும், உதடு தெரியாது. போன்ல லைவ் டிரான்ஸ்கிரைப் ஆப்பைப் போட்டு மேசையில வைங்க, தமிழ்லயே எழுத்தா காட்டும், அக்கவுன்ட்ஸ் வார்த்தைகள்ல சிலது தப்பா வரும், பழகிடும். உங்க தம்பி தங்கச்சி யாராவது காது கேக்காம இருந்தா அவங்களுக்கும் ஒரு தகவல்: சென்னை மாநிலக் கல்லூரியில 2007-ல இருந்து காது கேக்காத மாணவர்களுக்குன்னே தனியா பி.காம், பி.சி.ஏ. நடத்துறாங்க.

கேள்வி: மகன் வீல்சேர்ல இருக்கான், பாலிடெக்னிக் முதல் வருஷம், பிரைவேட் காலேஜ். கிளாஸ் ரெண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. தினமும் நானும் வாட்ச்மேனும் தூக்கிட்டுப் போறோம். எனக்கு வயசு ஐம்பத்தஞ்சு. கேட்டா ஃபண்ட் இல்லைங்குறாங்க.

பதில்: ஐயா, லிப்ட்டுக்கு ஃபண்ட் வேணும், சரி. கிளாஸை கீழ மாத்துறதுக்கு என்ன ஃபண்ட் வேணும்? டைம்டேபிள் போடுறவர் ஒரு பேனா எடுத்து ரூம் நம்பரை மாத்தணும், அவ்வளவுதான். முதல்ல அதைக் கேளுங்க, வாயால வேண்டாம், எழுத்துல, பிரின்சிபாலுக்கு, தேதி போட்டு, ஆபீஸ்ல சீல் வச்ச காப்பி ஒண்ணு கையில வாங்கிக்கிட்டு. லேப் மாடியிலதான் இருக்குன்னா அந்த ஒரு லேப்புக்கு என்ன வழின்னு தனியா பேசலாம். வளர்ந்த பையனை தினமும் நாலு பேர் பாக்க தூக்கிட்டுப் போறது அவன் மனசுக்கும் நல்லதில்லை, படியில ஒருத்தர் கால் இடறினா என்ன ஆகும்னு நினைச்சாலே பதறுது.

பிரைவேட்டுன்னா சட்டம் பொருந்தாதுன்னு சொல்லுவாங்க. 5 சதவீத சீட்டு விஷயத்துல வேணா அந்த வித்தியாசம் இருக்கு, கட்டிட விஷயத்துல இல்லை. பொதுமக்கள் பயன்படுத்துற கட்டிடம் அரசோடதா இருந்தாலும் தனியாரா இருந்தாலும் எல்லாரும் போய்வர மாதிரி மாத்தணும், அதுக்கு சட்டம் குடுத்த கெடு விதிகள் வந்ததுல இருந்து அஞ்சு வருஷம், விதிகள் வந்தது 2017 ஜூன்ல, கெடு 2022-லயே முடிஞ்சுபோச்சு. ஒரு மாசம் பாத்து ஒண்ணும் நடக்கலைன்னா அந்த சீல் வச்ச காப்பியோட சென்னையில இருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்புங்க, ஆளை வரச்சொல்லி விசாரிக்க சிவில் கோர்ட்டுக்கு இருக்கிற அதிகாரம் அவருக்கு இருக்கு.

ராம்ப் கட்டுறேன்னு சொன்னா அளவைப் பாத்துக்கோங்க. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். மூணு படி ஒன்றரை அடி உயரம்னா 18 அடி நீளத்துக்கு ராம்ப் போகணும். இடமில்லைன்னு ஆறடியில செங்குத்தா கட்டி வச்சிருவாங்க, அதுல பைக் ஏறும், வீல்சேர் ஏறாது, இறங்கும்போது ஆளைக் கவுத்துரும்.

அப்புறம் பாத்ரூம். இதை யாரும் கேக்குறதில்லை, ஆனா எனக்கு இதுதான் முதல் விஷயம். நான் பாடம் நடத்துன காலேஜ்ல வீல்சேர்ல வந்த ஒரு பொண்ணு, காலையில வீட்ல ஒரு டம்ளர் காபியோட சரி, சாயங்காலம் வீடு போற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. ஏன்னா பாத்ரூம் கதவு உள்பக்கமா திறக்குற கதவு, சேரை உள்ள விட்டா கதவை சாத்த முடியாது. கதவை வெளிப்பக்கமா திறக்குற மாதிரி மாத்தி சுவத்துல ஒரு கம்பி அடிச்சுக் குடுத்தோம், ஒரு கார்ப்பென்டருக்கு ஒரு நாள் வேலைதான் அது. அதுக்கப்புறம்தான் அவ பையில வாட்டர் பாட்டிலே வந்துச்சு. உங்க பையனும் நாள் முழுக்க தண்ணி குடிக்காம இருக்கானான்னு தனியா கூப்பிட்டு கேளுங்க.

ஏஐசிடிஇ-ன்னு மத்திய அரசோட தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் இருக்கே, அதோட சக்ஷம் ஸ்காலர்ஷிப் அப்ளை பண்ணீங்களா? டிப்ளமோவுக்கும் உண்டு, வருஷத்துக்கு 50,000 ரூபா, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கணும், 40 சதவீத சர்ட்டிபிகேட் வேணும், முதல் வருஷத்துலயே போட்டுறணும்.

கேள்வி: வலது கையில சின்ன வயசு விபத்து, விரல் சரியா மடங்காது. சர்ட்டிபிகேட்ல 30 சதவீதம்னு இருக்கு. மூணு மணி நேரப் பரீட்சையில முக்கால்வாசிதான் எழுத முடியுது, பதில் தெரிஞ்சும் விட்டுட்டு வர்றேன். 40-க்குக் கீழன்னா ஸ்கிரைப் (நாம சொல்லச் சொல்ல பரீட்சை எழுதுறவர்) கிடையாதுன்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க.

பதில்: அவங்க சொல்றது பழைய கதை. விகாஷ் குமார்ங்குறவருக்கு எழுத உக்காந்தா கை இழுத்துக்குற பிரச்சனை, யூபிஎஸ்சி ஸ்கிரைப் தரமாட்டேன்னு சொன்னப்போ சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 2021 பிப்ரவரியில தீர்ப்பு வந்துச்சு, 40 சதவீதம்ங்குறது இட ஒதுக்கீட்டுக்கான அளவு, எழுத சிரமப்படுறவருக்கு உதவி தர்றதுக்கு அதை அளவுகோலா வைக்கக்கூடாதுன்னு. அதை வச்சு மத்திய அரசு 2022 ஆகஸ்ட்ல 40-க்குக் கீழ இருக்கிறவங்களுக்குன்னே தனியா வழிகாட்டு நெறிமுறை போட்டுச்சு. அரசு ஆஸ்பத்திரியில, கையால எழுதுறதுல இவருக்கு சிரமம் இருக்குன்னு அதுக்குன்னே தனி சர்ட்டிபிகேட் வாங்குங்க, சும்மா சதவீதம் போட்டது போதாது. அதோட இந்தத் தீர்ப்பையும் ஆகஸ்ட் 2022 உத்தரவையும் குறிப்பிட்டு கண்ட்ரோலர் ஆஃப் எக்ஸாமினேஷனுக்கு லெட்டர் போடுங்க, காலேஜோட நின்னுறாதீங்க. டைம் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல், மூணு மணி நேரப் பேப்பருக்கு ஒரு மணி நேரம்.

ஸ்கிரைப் கிடைச்சதும் அவரோட ரெண்டு மாடல் டெஸ்ட்டாவது எழுதிப் பாருங்க. சொல்றதும் எழுதுறதும் வேற வேற வேலை. உங்க பாடத்து வார்த்தை அவருக்குத் தெரியாது, ஸ்பெல்லிங் நீங்கதான் சொல்லணும், எங்க பாரா பிரிக்கணும், எதுக்கு அடிக்கோடு போடணும்னு எல்லாம் சொல்லிக்கிட்டே போகணும், பழகாம போனா அந்தக் கூடுதல் ஒரு மணி நேரமும் அதுலயே கரைஞ்சுரும்.

கேள்வி: எனக்கு 24 வயசு. பிளஸ் டூ முடிச்சதும் ஆக்சிடென்ட், ஒரு கால் எடுத்துட்டாங்க. இப்போ சேரலாமா, வயசு ஆயிருச்சா?

பதில்: சேரலாம். அதே 2016 சட்டம் உயர்கல்வி சேர்க்கையில உச்ச வயசுல அஞ்சு வருஷம் தளர்வு தருது. காலேஜ் போய்வர, இணைப்புச் சக்கரம் வச்ச ஸ்கூட்டர் குடுக்குற திட்டம் தமிழ்நாட்டுல இருக்கு, படிக்கிறவங்களும் அதுக்கு அப்ளை பண்ணலாம், உங்க நிலைக்குக் கிடைக்குமான்னு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. சாதாரண டவுன் பஸ்ல உங்களுக்கும் கூட வர்றவருக்கும் டிக்கெட் இல்லை.

கேள்வி: நான் அசிஸ்டென்ட் புரொபசர், சேந்து ஒரு வருஷம்தான் ஆகுது. இந்த வருஷம் என் கிளாஸ்ல பார்வையில்லாத மாணவர் ஒருத்தர் வந்திருக்கார். எனக்கு எந்த டிரெய்னிங்கும் இல்லை. தப்பா ஏதாவது பண்ணிருவேனோன்னு இருக்கு.

பதில்: உங்க கடிதம் வந்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம், கேக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சே. டிரெய்னிங் அவர்கிட்டயே இருக்கு, எப்படி படிச்சீங்க, நான் என்ன செஞ்சா உதவியா இருக்கும்னு முதல் நாளே அவரைத் தனியா கேளுங்க. போர்டுல எழுதும்போது ‘இதுல இருந்து இது வருது’ன்னு சொல்லாம, எழுதுற ஒவ்வொண்ணையும் வாய்விட்டுப் படிங்க. மேப், கிராஃப் வந்தா வடக்குல என்ன, கோடு எங்க ஏறுது எங்க இறங்குதுன்னு வார்த்தையில சொல்லுங்க, மத்த பிள்ளைங்களுக்கும் அது நல்லாப் புரியும். பிபிடி-யை கிளாஸுக்கு முதல் நாள் ராத்திரியே வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க.

புக்கை ஸ்கேன் பண்ணிக் குடுத்தா காப்பிரைட் பிரச்சனை வருமான்னு சிலர் பயப்படுவாங்க. வராது. 2012-ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவத்துக்கு மாத்துறதுக்கு விலக்கு குடுத்துட்டாங்க. பார்வையில்லாதவங்களுக்கு புத்தகம் கிடைக்கணும்னு வந்த மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-ல உலகத்துலயே முதல்ல உறுதிப்படுத்துன நாடும் நம்ம நாடுதான். அதனால தைரியமா ஸ்கேன் பண்ணுங்க, ஆனா பக்கம் நேரா விழணும், கோணலா விழுந்தா எழுத்தா மாறும்போது குழறுபடி ஆகும்.

ஒரு வேலையை மட்டும் இந்த மாசமே முடிச்சிருங்க. இன்டர்னல் டெஸ்ட்டுக்கு ஸ்கிரைப் யாருன்னு பரீட்சை அன்னைக்குக் காலையில கேன்டீன் வாசல்ல தேடுற நிலைமை பல காலேஜ்ல இருக்கு, அவருக்கு அந்தப் பதட்டம் வேண்டாம். ஸ்கிரைப் படிப்புல மாணவரை விட ஒரு படி கீழ இருக்கணும்னு 2018-ல வந்த மத்திய அரசு நெறிமுறை சொல்லுச்சு. அதனால உங்க காலேஜ் பக்கத்து ஹையர் செகண்டரி ஸ்கூல் ஹெட்மாஸ்டரைப் போய்ப் பாருங்க, பிளஸ் டூ பிள்ளைங்க நாலஞ்சு பேர் பேர் குடுத்தா போதும், அவங்க ஸ்கூல் டெஸ்ட் தேதியையும் உங்க டெஸ்ட் தேதியையும் பக்கத்துல வச்சு இப்பவே ஒரு லிஸ்ட் போட்டு அந்த மாணவர் கையிலயும் ஒரு காப்பி குடுத்துருங்க, பிரிண்ட்டா இல்ல, அவர் போன்ல படிக்கிற மாதிரி.