எல்லோரும் எச்சரிக்கிறார்கள், ஃபண்டை விற்றுவிடலாமா?

கேள்வி: என் வயது 43. சேமிப்பில் முக்கால் பங்கு உலகப் பங்குகளில் முதலீடு செய்யும் இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கிறது, மிச்சம் வங்கி டெபாசிட்டில். மூன்று வருடத்தில் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். அந்தப் பணமும் ஃபண்டில்தான் கிடக்கிறது. மற்றது ஓய்வுக்காலத்துக்கு. கொஞ்ச நாளாக எதைத் திறந்தாலும் ஒரே பேச்சு: மந்தநிலை வரும், டாலர் கவிழும், அரசுகளின் கடன் வெடிக்கும். பொருளாதார நிபுணர், முன்னாள் அமைச்சர், முதலீட்டு நிறுவனத் தலைவர் என்று எல்லோரும் இதையே சொல்கிறார்கள். இத்தனை பேர் சொல்வது தப்பாகவா இருக்கும்? எல்லாவற்றையும் விற்றுத் தங்கத்தில் போட்டுவிடலாமா?

பதில்: வீட்டுக்கான பணத்தை உடனே வெளியே எடுங்கள். ஓய்வுக்காலப் பணத்தைத் தொடாதீர்கள். நீங்கள் கேட்ட எச்சரிக்கைகளுக்கும் இந்த இரண்டு முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த “இத்தனை பேர்” யார் என்று பார்ப்போம். சர்வதேச நாணய நிதியம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் உலகப் பொருளாதாரக் கணிப்பை வெளியிடுகிறது. வளர்ச்சி விகிதத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும், செய்தி நிறுவனங்கள் பல பக்க அறிக்கையை ஒற்றை வரியாக்கி அனுப்பிவிடும். ஒரு வங்கியின் ஆய்வுக் குறிப்பு அந்த வரியை எடுத்துக்கொள்ளும். செலவைக் குறைக்க நினைக்கும் அமைச்சர் அதையே காரணம் காட்டுவார். அவரைத் தாக்க எதிர்க்கட்சியும் அதையே எடுக்கும். அப்புறம் முதலீட்டு நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு எழுதும் கடிதத்திலும் அது வந்துவிடும். உங்கள் காதில் இருபது குரல் விழுகிறது. ஆனால் ஆதாரம் ஒன்றுதான். ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மையாகவே தோன்ற ஆரம்பிக்கும் என்பதை 1977-லேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டிவிட்டார்கள். நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை, மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது.

கடன் பற்றிய எச்சரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெயர்பெற்ற பொருளாதார அறிஞர்கள் 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.1 சதவீதமாகிவிடுகிறது என்றது அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் பொருளாதாரத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒல்லி ரென் அதை மேற்கோள் காட்டினார். அமெரிக்காவில் குடியரசுக் கட்சி எம்.பி. பால் ரயான் தன் பட்ஜெட் திட்டத்துக்கு ஆதாரமாக வைத்தார். அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதாடியவர்களுக்கெல்லாம் 90 என்பது கைவசம் இருக்கும் எண்ணாகிவிட்டது. மூன்று வருடம் கழித்து, 2013-ல், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அந்த எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 20 நாடுகளுக்குச் சராசரி எடுக்க வேண்டிய சூத்திரம் 15 வரிசையோடு நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விட்டுப்போயிருந்தன. அதோடு, சேர்க்காமல் விட்ட சில ஆண்டுக் கணக்குகளையும் சராசரி எடுத்த விதத்தையும் திருத்தியபோது மைனஸ் 0.1 என்பது 2.2 சதவீதமானது. எக்செல் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதிகக் கடனும் குறைந்த வளர்ச்சியும் சேர்ந்தே போகின்றன என்ற வாதத்தை மட்டும் விடவில்லை. அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் 90-ஐத் தாண்டினால் பாதாளம் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

மந்தநிலை எச்சரிக்கைக்கும் அண்மைக் காலத்திலேயே உதாரணம் உண்டு. 2022 அக்டோபரில் ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் கணிப்பு மாதிரி, அடுத்த 12 மாதங்களில் அமெரிக்காவில் மந்தநிலை வர 100 சதவீதம் வாய்ப்பு என்றது. அந்த மந்தநிலை வரவில்லை. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு அதே அக்டோபரில்தான் அடிமட்டத்தைத் தொட்டது. 2023-ல் சுமார் 24 சதவீதம் ஏறியது. அன்றைக்குப் பயந்து விற்றவர்கள் ஏறக்குறைய மிகக் குறைந்த விலையில் விற்றார்கள்.

“ஒருநாள் நடக்கத்தானே போகிறது” என்பீர்கள். சரி, நடந்த ஒன்றையே பார்ப்போம். 1996 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், சந்தையில் அளவுமீறிய உற்சாகம் இருக்கிறதோ என்று வெளிப்படையாகக் கேட்டார். அன்று எஸ் அண்ட் பி 500 சுமார் 744. மூன்று வருடத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போய் 2000 மார்ச்சில் 1,527-ஐத் தொட்டது. பிறகு அவர் பயந்தது நடந்தது, சந்தை சரிந்தது. 2002 அக்டோபரில் அதன் அடிமட்டம் சுமார் 777. எச்சரிக்கை வந்த அன்றைய நிலைக்கு அது இறங்கவே இல்லை. 2009 மார்ச்சில், வேறொரு நெருக்கடியில்தான், கொஞ்ச காலம் அதற்குக் கீழே போனது. எச்சரிக்கை சரியாக இருந்தும், அதைக் கேட்டு விற்றவருக்கு லாபம் கிடைக்கவில்லை.

எச்சரிக்கை எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. 2005 ஆகஸ்டில், மத்திய வங்கியாளர்கள் வருடாவருடம் அமெரிக்காவில் கூடும் ஜாக்சன் ஹோல் கூட்டத்தில், அப்போது நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த ரகுராம் ராஜன், நிதி நிறுவனங்கள் ஆபத்தை மறைத்து லாபம் காட்டும் விதமாகச் சம்பளமும் போனஸும் அமைந்திருக்கின்றன என்றார். சிக்கல் வந்தால் வங்கிகள் ஒன்றையொன்று நம்பாமல் கடன் கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். அங்கேயே அமெரிக்காவின் முன்னாள் நிதி அமைச்சர் லாரன்ஸ் சம்மர்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார். மூன்று வருடத்தில் அப்படியே நடந்தது. எது உடையும், ஏன் உடையும் என்று அந்தப் பேச்சில் இருந்தது. தேதி மட்டும் இல்லை. ஒரு எச்சரிக்கையைக் கேட்டால் நீங்கள் தேடவேண்டியதும் இதைத்தான்: மூலம் எது, எந்த வழியாகப் பாதிப்பு வரும் என்று சொல்கிறார்களா, எது நடந்தால் தாங்கள் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வார்கள்? இதற்கெல்லாம் பதில் இல்லாத பேச்சு எவ்வளவு பெரியவர் வாயிலிருந்து வந்தாலும் உங்கள் பணத்தை அசைக்கத் தகுதியில்லாதது.

டாலர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் அதன் பங்கு 1999-ல் சுமார் 71 சதவீதம், 2024-ல் சுமார் 58. குறைவது உண்மை, ஆனால் கால் நூற்றாண்டாக மெதுவாக. நீங்கள் வைத்திருப்பது பல நாட்டுப் பங்குகள் கொண்ட ஃபண்ட் என்பதால் அந்த மாற்றத்தை அதுவே ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

தங்கம் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம். எல்லாவற்றையும் போடாதீர்கள். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த விலையை மறுபடி பார்த்தது 2008 ஜனவரியில். பயம் உச்சத்தில் இருந்தபோது வாங்கியவர், விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுக்காமலேயே, போட்ட காசைப் பார்க்க 28 வருடம் காத்திருந்தார்.

இப்போது வீட்டுப் பணம். 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை எஸ் அண்ட் பி 500 பாதிக்கும் மேல் விழுந்தது. பழைய உச்சத்துக்குத் திரும்ப 2013 மார்ச் ஆனது. மூன்று வருடத்தில் தேவைப்படும் பணம் அப்படி ஒரு சரிவைத் தாங்காது. செய்தியெல்லாம் நல்லதாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். இந்த வாரமே அதைப் பிரித்து, நீங்கள் முன்பணம் கட்டும் தேதிக்குள் முதிர்வடையும் டெபாசிட்டிலோ குறுகிய கால அரசுப் பத்திரத்திலோ போடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணமும் வங்கியில் தனியாக இருக்கட்டும்.

மிச்சமிருக்கும் ஓய்வுக்காலப் பணத்துக்கு இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. அது ஒரு வருடத்தில் பாதியானால் தூக்கம் போய்விடும் என்றால், பங்குகளின் அளவை 60 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம். எந்த அளவை எடுத்தாலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, நீங்களே குறித்துக்கொண்ட ஒரு தேதியில் மட்டும் கணக்குப் பார்த்து, கூடியதை விற்றுக் குறைந்ததை வாங்கிச் சரிசெய்யுங்கள். மாதாமாதம் போடும் தொகையை நிறுத்தாதீர்கள்.