ஊசிக்கு வழிகாட்டும் கை

கேள்வி: அப்பாவின் நுரையீரல் கட்டியில், சி.டி. ஸ்கேன் பார்த்து ரோபோ துணையோடு திசு எடுக்கப்போகிறார்கள். இயந்திரமே குத்துமா, டாக்டர்?
– வாசகி, ஏற்காடு

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. படத்தில் பாதையைக் குறிப்பவர் மருத்துவர். ரோபோ அந்தக் கோணத்தில் ஊசிக்கான வழிகாட்டிக் குழாயை அசையாமல் பிடிக்கும். பெரும்பாலான கருவிகளில் ஊசியைச் செலுத்துவது மருத்துவரின் கைதான். 1985லேயே அமெரிக்காவில் மூளைத் திசு எடுக்க இப்படி ஒரு தொழிற்சாலை ரோபோ உதவியது. நான் சேலத்தில் பல ஆண்டுகள் கண்ணளவில் கோணம் பார்த்தே குத்தினேன். பிசகினால் மறுபடி ஸ்கேன், மறுபடி ஊசி. அந்த வேதனை குறைவதில் எனக்கு நிஜமான மகிழ்ச்சி.

ஆனால் மூச்சோடு கட்டியும் நகரும். ஒரே அளவில் மூச்சை நிறுத்த அப்பாவை இன்றே பழக்குங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி குத்தியபின் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசியலாம். அதனால் மருத்துவர் அனுமதிக்கும்வரை ஏற்காட்டுக்கு மலையேற வேண்டாம்.